ஏரியில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

இந்த வழிமுறை கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள ஆழம் குறைந்த நன்னீர் ஏரிகளைக் கவனித்துவரும் ஊர்க் குழுவினர், கல்லூரி மாணவர்கள், மீன் குத்தகைதாரர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. ஊசுட்டேரி, பாகூர் ஏரி, வீராணம், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகிய அனைத்தும் மனிதர்கள் கரையெழுப்பித் தேக்கிய நீர்நிலைகள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிப் பங்குனி சித்திரையில் சுருங்கும் இந்த ஏரிகளுக்கு, குளிர் நாடுகளின் ஆழமான இயற்கை ஏரிகளை வைத்து எழுதப்பட்ட விதிகள் அப்படியே பொருந்துவதில்லை.

பச்சை நிறம், மீன் சாவு, ஆகாயத்தாமரை ஆகியவை கண்ணுக்குப் படும்போது கோளாறு முற்றிப்போயிருக்கும். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, பாசியைத் தின்று மீனுக்கு இரையாகும் விலங்கு மிதவை உயிரிகளில், அதாவது நீரில் மிதந்து வாழும் மிகச் சிறிய விலங்குகளில், மாற்றம் தொடங்கிவிடுகிறது. ஆகவே, எந்த வகை மறைந்தது, எந்த வகை மிஞ்சியது என்று பார்க்காமல் ஏரியில் மருந்து கொட்டுவதும் மீன்குஞ்சு விடுவதும் கூடாது என்பதே இங்குள்ள எல்லா அறிவுரைகளுக்கும் அடிப்படை.

நமது ஏரிகளின் விலங்கு மிதவை உயிரிகளில் நான்கு கூட்டங்களை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். தலையில் சுழலும் மயிரிழைகளைக் கொண்ட மிகச் சிறிய ரோட்டிஃபர்கள் முதல் கூட்டம். நீர்த்தெள்ளு எனப்படும் கிளாடோசெரா இரண்டாவது. மொய்னா, செரியோடாப்னியா, டயாபனோசோமா போன்றவை இதில் அடங்கும். நெடிய கொம்புகளுடன் வெட்டி வெட்டி நீந்தும் கோப்பிபோடுகள் மூன்றாவது. இரண்டு ஓடுகளுக்குள் அடங்கி, சிறு விதை உருள்வதுபோல் தோன்றும் ஆஸ்ட்ரகோடுகள் நான்காவது. பாசியைப் பெருமளவில் வடிகட்டித் தின்பவை நீர்த்தெள்ளுகளே என்பதால், அவற்றின் வரவையும் மறைவையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோப்பிபோடுகளில் ஒன்றான சைக்ளோப்ஸைக் கண்டவுடன், அதன் வழியாகப் பரவிய பழைய நரம்புச்சிலந்தி நோயை நினைத்து அஞ்சுவோர் இன்னும் இருக்கிறார்கள். அந்நோய் ஒழிந்த நாடாக 2000ஆம் ஆண்டிலேயே இந்தியா அறிவிக்கப்பட்டுவிட்டது. சைக்ளோப்ஸ் ஏரியில் இருப்பது இயல்பான நிலையே.

தொடங்குமுன்: வலை, வாளி, நேரம்

வலைக்குப் பெரிய செலவு தேவையில்லை. திரை அச்சுத் தொழிலில் பயன்படும் பாலியஸ்டர் வலைத்துணியில் சென்டிமீட்டருக்கு 120 இழைகள் கொண்ட ரகம் ஏறக்குறைய 50 மைக்ரான் துளை உடையது. ரோட்டிஃபர்களில் பெரும்பாலானவற்றையும் அது நிறுத்திவிடும். அத்துணியைப் புனல் வடிவில் தைத்து அடியில் ஒரு சிறு புட்டியைக் கட்டிக்கொள்ளலாம். 10 லிட்டர் வாளியால் ஐந்து முறை மொண்டு ஊற்றினால் 50 லிட்டர் நீர் வடிகட்டப்படும். புட்டியில் சேர்ந்ததை 50 மில்லிலிட்டராக்கி, அதில் 1 மில்லிலிட்டரை எடுத்து நுண்ணோக்கியில் எண்ணினால், கிடைக்கும் எண்ணிக்கையே ஏரி நீரில் ஒரு லிட்டருக்கு உள்ள எண்ணிக்கையாகும். வாளியின் அளவோ புட்டியின் அளவோ மாறினால் அதற்கேற்பப் பெருக்கி வகுக்க வேண்டும். அன்றே பார்க்க இயலாவிட்டால் நான்கு விழுக்காடு ஃபார்மலினில் சிறிது சர்க்கரை கரைத்துப் பாதுகாக்கலாம். சர்க்கரை இல்லாவிட்டால் நீர்த்தெள்ளுகளின் ஓடு விரிந்து முட்டைகள் வெளியே சிந்திவிடும். ஃபார்மலின் நஞ்சாகையால் கையுறையின்றித் தொடக் கூடாது.

நேரம் மிக முக்கியமானது. ஆழமான ஏரியில் இவ்வுயிரிகள் பகலில் கீழே இறங்கி இரவில் மேலே வருகின்றன. ஆழமற்ற நமது ஏரிகளில் மீனுக்கு அஞ்சிப் பகலில் நீர்த்தாவரங்களுக்குள்ளும் அடிப்பகுதியிலும் பதுங்குகின்றன. நண்பகலில் மதகின் மேல் நின்று ஒரு வாளி மொண்டுவிட்டு, ஏரியில் உயிரே இல்லை என்று சொல்வது தவறான முடிவாகும். விடியுமுன் ஒரு முறையும் பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு முறையும், கரையோரத்திலும் நடு ஏரியிலும், நீர் எடுக்க வேண்டும். அதே வேளைகளில் வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் நீரின் தெளிவும் தெரிந்துவிடும்.

அறிகுறி: நீர் பச்சை வண்ணம் கரைத்ததுபோல் இருக்கிறது

பச்சையெல்லாம் ஒரே பச்சையல்ல என்பதால் முதலில் எந்தப் பாசி என்று பிரித்தறிய வேண்டும். தெளிவான கண்ணாடிப் புட்டியில் ஏரி நீரை நிரப்பி அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். பச்சைத் துகள்கள் மேலே எழுந்து கழுத்தருகே படலமாகச் சேர்ந்தால், அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசி; அதன் உயிரணுக்களுக்குள் வாயுக்குமிழ்கள் இருப்பதால் அது மிதக்கிறது. பச்சை நிறம் நீர் முழுவதும் பரவியே இருந்தாலோ மெல்ல அடியில் படிந்தாலோ, அது சாதாரணப் பச்சைப்பாசியாக இருக்கும். வெயில் ஏறியதும் மேற்பரப்பு செம்மையாகி, மாலையில் மீண்டும் பச்சையாகத் திரும்பினால் அது யூக்ளினா. கரிமக் கழிவு மிகுந்த சிறு குளங்களில்தான் அதைப் பெரும்பாலும் காணலாம்.

அடுத்து வலையைப் பார்க்க வேண்டும். சாதாரணப் பச்சைப்பாசி பெருகியிருக்க, அதைத் தின்னும் நீர்த்தெள்ளு ஏறக்குறைய இல்லையென்றால், பாசியின் பெருக்கத்துக்கு உரம் மட்டுமே காரணமாகாது. தின்பவை இல்லாததும் காரணம். அந்நிலையில் கீழே "வலையில் சிறியவை மட்டுமே" என்ற பகுதிக்குச் செல்க. மைக்ரோசிஸ்டிஸ் பெருகியிருந்தால் கணக்கு வேறு. அதன் திரள் நீர்த்தெள்ளின் வடிகட்டும் கால்களுக்குள் அடங்காத அளவு பெரியது. பசைபோன்ற உறையால் சூழப்பட்டது. பல வேளைகளில் நஞ்சும் உடையது. அங்கே நீர்த்தெள்ளுகள் பட்டினியால் குறைகின்றன. பாசியோடு ஒட்டிய பாக்டீரியாவையும் சிதைந்த துகளையும் உண்ணும் பிராக்கியோனஸ் போன்ற ரோட்டிஃபர்களும், இரையைப் பொறுக்கி உண்ணும் சைக்ளோப்ஸும் மிஞ்சுகின்றன. ஒரு துளி நீரில் பிராக்கியோனஸ் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால், ஏரியில் ஊட்டச்சத்து மிகுந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஊட்டச்சத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு வரத்து வாய்க்காலில் நடப்பதைத் தவிரக் குறுக்கு வழி கிடையாது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிட நீர் வருகிறது. வாய்க்கால் ஊருக்குள் நுழையுமுன் ஓரிடத்திலும், ஊரைக் கடந்தபின் ஓரிடத்திலும், ஏரியின் வாயில் ஓரிடத்திலும் பாஸ்பேட், அம்மோனியா ஆகியவற்றை அளந்தால், எங்கே அளவு எகிறுகிறதோ அந்த இடைவெளிக்குள் காரணம் இருக்கும். வீட்டுச் சாக்கடை, சலவைத் தூள் கலந்த நீர், வயலிலிருந்து வழியும் டி.ஏ.பி., ஏரி வாயிலேயே அடைக்கப்படும் வாத்துக் கூட்டம் ஆகியவை வழக்கமான காரணங்கள். இன்னொன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை: கட்லா விரைவாக எடைபோட வேண்டும் என்பதற்காகக் கோழி எருவை மூட்டை மூட்டையாக ஏரியில் கொட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பண்ணைக் குட்டையில் அளவறிந்து செய்ய வேண்டிய வேலையை ஊர் ஏரியில் செய்தால் விளைவு பச்சைப் படலமாகத்தான் இருக்கும்.

இந்த அறிகுறிக்கு மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) போடுவதே வழக்கமான தீர்வாகச் சொல்லப்படுகிறது. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். செம்பு நீர்த்தெள்ளுக்கு மிகக் கொடிய நஞ்சு. லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவிலேயே அது மடிந்துவிடும், பாசியைக் கொல்ல இடும் அளவோ அதைவிட மிக அதிகம். பாசி ஒரே நாளில் மடிந்து அழுகத் தொடங்கும். அழுகல் ஆக்சிஜனை உறிஞ்சும். உயிரணுக்களுக்குள் இருந்த நஞ்சு நீரில் கலக்கும். சில வாரங்களில் பாசி திரும்பிவரும்போது அதைத் தின்ன எதுவும் இருக்காது. செம்பு மட்டும் வண்டலில் படிந்து தங்கிவிடும்.

செய்ய வேண்டியது மெதுவான வேலை. கழிவு நுழையும் வாயை அடைக்க வேண்டும் அல்லது கோரையும் சம்பும் வளர்ந்த ஒரு சிறு தேக்கத்தின் வழியாகத் திருப்பிவிட வேண்டும். கரையோரத்தில் ஒதுங்கிய பாசிப் படலத்தை வலைத்துணியால் வாரி, நீர் திரும்ப வழியாத தொலைவில் கொட்ட வேண்டும். ஆடு மாடுகளை அந்நீரில் விடக் கூடாது. மைக்ரோசிஸ்டிஸின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை என்பதால், காய்ச்சிக் குடித்தால் சரியாகும் என்ற எண்ணமும் தவறு. கழிவை நிறுத்திய மறு ஆண்டே நீர் தெளிந்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பல ஆண்டுகளாக வண்டலில் சேர்ந்த பாஸ்பரஸ், அடிமண்ணில் ஆக்சிஜன் அற்றுப்போகும் ஒவ்வொரு கோடையிலும் மீண்டும் நீருக்குள் வெளியேறும். ஆழமற்ற ஏரியில் காற்றடித்தாலே வண்டல் கலங்கி எழும்.

அறிகுறி: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன, அல்லது செத்து மிதக்கின்றன

எந்த மீன் செத்தது என்று முதலில் பார்க்க வேண்டும். கட்லா, ரோகு, கெண்டை ஆகியவை செத்திருக்க, விரால், குறவை, பனையேறி ஆகியவை உயிரோடிருந்தால், ஆக்சிஜன் குறைவே காரணம். பின்னவை மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை. விராலும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். இந்த எளிய சோதனையைச் செய்யாமல், மீன் செத்தவுடன் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று காவல் நிலையம் வரை போன சண்டைகள் நம் ஊர்களில் நடந்திருக்கின்றன.

ஆக்சிஜன் குறைவுக்கு வலையில் ஒரு சான்று கிடைக்கும். ஆக்சிஜன் குறையும்போது மொய்னா தன் உடலில் ஹீமோகுளோபினைப் பெருக்கிக்கொள்கிறது. வெள்ளைப் பீங்கான் தட்டில் அந்நீரை ஊற்றிப் பார்த்தால், வழக்கமாக நிறமற்றுத் துள்ளும் அந்தப் புள்ளிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். கைக்கண்ணாடியால் நோக்கினால், முதுகுப் பைக்குள் முட்டைகளைச் சுமந்த பெண் மொய்னாவின் உடல் முழுவதும் செம்மை ஓடியிருப்பதைக் காணலாம். மீன் வாய் பிளப்பதற்குப் பல நாள் முன்பே இந்நிறம் தோன்றுவதால், தட்டில் சிவப்பைக் கண்டவுடன் விடியற்கால ஆக்சிஜனை அளக்கத் தொடங்க வேண்டும்.

வெப்பம் இக்கோளாற்றை இரண்டு பக்கமிருந்தும் நெருக்குகிறது. 20 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. அதே வெப்பத்தில் மீன், பாக்டீரியா, பாசி ஆகிய எல்லாவற்றின் சுவாசமும் கூடுகிறது. பகலில் பாசி ஆக்சிஜனை அள்ளித் தருவதால் பிற்பகல் அளவு நிறைவாகவே தெரியும். இரவு முழுவதும் பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால் விடியுமுன் அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கலாம். ஆய்வுக்கு வருவோர் காலை பதினொரு மணிக்கு அளந்துவிட்டு ஆக்சிஜன் போதுமானது என்று எழுதிக்கொடுத்துச் செல்வது இதனால்தான் பயனற்றது. மேகமூட்டமான, காற்றற்ற நாளுக்கு மறுநாள் விடியலே மிக ஆபத்தான வேளை.

ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் பிற்பகலில் மீன் தவித்தால் அம்மோனியாவைப் பார்க்க வேண்டும். பாசி பெருகிய ஏரியில் பிற்பகல் பி.எச். 9ஐத் தாண்டுவது இயல்பு. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 9 ஆகும்போது அது ஏறக்குறைய 45 பங்காகிவிடும். சாக்கடை கலக்கும் ஏரியில் மொத்த அம்மோனியா மாறாமலேயே காலையில் பாதுகாப்பாகவும் மாலையில் கொடியதாகவும் இருப்பது இவ்வாறுதான். மேலே சொன்ன கோழி எருவும் இக்கணக்கில் சேரும்.

உடனடியாகச் செய்யக்கூடியது, மதகைத் திறந்து புதுநீர் விட வழியிருந்தால் விடுவது. இல்லையெனில் டீசல் மோட்டாரால் ஏரி நீரையே இறைத்து மேலிருந்து தெளித்து விழச் செய்வது. செத்த மீன்களை அன்றே அகற்ற வேண்டும். மீன் செத்த மறுவாரமே புதிய குஞ்சுகளை வாங்கி விடுவது பணத்தை நீரில் போடுவதாகும். மிஞ்சிய நீர்த்தெள்ளுகளையும் அக்குஞ்சுகள் தின்று தீர்த்துவிடும்.

அறிகுறி: வலையில் சிறியவை மட்டுமே கிடைக்கின்றன, பெரிய நீர்த்தெள்ளுகளைக் காணோம்

இதற்கு மீன், பூச்சிக்கொல்லி, வெப்பம் என்று மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் வலையில் ஒரே மாதிரியான தோற்றத்தைத் தருவதால்தான் குழப்பம் வருகிறது. பிரித்தறிய, எவ்வளவு வேகமாக மறைந்தன என்பதையும் எவை மிஞ்சின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மீனே காரணமென்றால் குறைவு படிப்படியாக நிகழும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்கள் பெரிய இரையையே முதலில் தேர்ந்தெடுக்கின்றன என்பதையும், அவை போனபின் சிறியவை பெருகுகின்றன என்பதையும் புரூக்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் எடுத்துக்காட்டினார்கள். நமது ஏரிகளிலும் அதே வரிசையைக் காணலாம்: முதலில், பெரிய நீர்த்தெள்ளான டாப்னியா இருந்தால் அதுவும் பெரிய டயாபனோசோமாவும் குறையும், பிறகு மொய்னா, துள்ளித் தப்பக்கூடிய கோப்பிபோடுகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ரோட்டிஃபர்கள் பெருகும். கட்லா மேல்மட்டத்து விலங்கு மிதவைகளையே முதன்மையாக உண்ணும் மீன். ஜிலேபிக் கெண்டையோ எதையும் தின்னும், ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும், ஒரு முறை ஏரிக்குள் வந்தால் ஏரி வற்றினாலன்றி வெளியேறாது. கொசுவை ஒழிக்க என்று கம்பூசியா, கப்பி என்ற சிறு மீன்களை ஏரியில் விடுவதும் இதே விளைவைத் தருகிறது. கொசுப்புழுவைத் தின்னும் மீசோசைக்ளோப்ஸ் என்ற கோப்பிபோடு ஏற்கெனவே அங்கே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. தீர்வு, இருப்புச் செய்யும் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், ஜிலேபியை வலைவீசிப் பிடித்துக்கொண்டே இருப்பதும், சிறு மீனைக் கட்டுப்படுத்தும் விராலுக்கு இடம் கொடுப்பதுமே.

பூச்சிக்கொல்லி காரணமென்றால் மறைவு திடீரென நிகழும்; ஒரு மழைக்கு முன் இருந்தவை மழைக்குப்பின் இருக்கா. பெரியது சிறியது என்ற வேறுபாடின்றி நீர்த்தெள்ளுகள் அனைத்தும் சேர்ந்து போகும். கோப்பிபோடுகளின் குஞ்சுகளும் குறையும். சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ் போன்றவை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலேயே, சில வேளை அதற்கும் கீழேயே, நீர்த்தெள்ளுகளைப் பாதிக்கின்றன. குளோர்பைரிபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகளை ரோட்டிஃபர்கள் பலமடங்கு தாங்குவதால் அவை மட்டும் மிஞ்சி, சில நாளில் பெருகவும் செய்யும். மீன் சாகாததால் யாரும் ஐயுறுவதில்லை. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளில் சம்பாப் பயிருக்கு மருந்தடிக்கும் காலமும் பருவமழையும் ஒன்றாக வருவதால் ஐப்பசி கார்த்திகையில் இதை எதிர்பார்க்கலாம். பண்ருட்டி முந்திரித் தோப்புகளில் பூக்கும் பருவத்தில் அடித்த மருந்து கோடை மழையில் வழிவதும் உண்டு. மருந்தடித்த வயலின் நீரைச் சில நாளாவது வாய்க்காலில் வடியவிடாமல் வரப்புக்குள் நிறுத்துவதே கைவசமுள்ள வழி. நல்வாய்ப்பாக, மருந்து சிதைந்தபின் அடிமண்ணில் உள்ள உறங்கும் முட்டைகளிலிருந்து நீர்த்தெள்ளு திரும்பிவிடும். மாதக் கணக்கில் திரும்பவில்லையெனில் மருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

வெப்பமே காரணமென்றால் வகைகள் மாறுவதோடு ஒரே வகையின் உடலும் சிறுக்கும். சூடான நீரில் அவை விரைவாக முதிர்ந்து, சிறிய உடலிலேயே முட்டையிடத் தொடங்குகின்றன. அக்கினி நட்சத்திர நாள்களில், முழங்காலளவு நீர் மட்டுமே உள்ள ஏரியில் பிற்பகல் வெப்பம் 34, 35 டிகிரியைத் தொடும்; அப்போது டாப்னியாவைத் தேடி ஏமாற வேண்டாம். குளிர்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு, டாப்னியா இல்லாத ஏரி நோயுற்ற ஏரி என்று அறிக்கை எழுதுவோர் உண்டு. நமது சமவெளி ஏரிகளில் அது எப்போதும் அரிது. மொய்னாவும் டயாபனோசோமாவும் இருந்தாலே அவ்விடம் நிரம்பிவிட்டது. வெப்பத்தின் மாற்றத்தை அறிய, ஒரே ஏரியில் ஒரே மாதத்தில் ஆண்டுதோறும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட வேண்டும். ஒரு கோடையை வைத்துப் பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிட இயலாது.

அறிகுறி: வெள்ளத்துக்குப் பிறகு நீர் செம்மண் நிறமாகி, வலை வெறுமையாக வருகிறது

இது பெரும்பாலும் கோளாறே அல்ல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த நாள்களில் தென்பெண்ணையும் பெருக்கெடுத்தது. அத்தகைய வெள்ளத்தில் ஏரியின் நீர் முழுவதும் கலங்கல் எனப்படும் உபரிநீர்ப் போக்கி வழியாக வெளியேறி மாறிப்போய்விடும். நீருடன் மிதவை உயிரிகளும் போய்விடும். மிஞ்சியவற்றுக்கும் களிமண் துகள்கள் வடிகட்டும் கால்களை அடைத்துவிடுவதால் பசி தீர்வதில்லை.

திரும்பும் வரிசையைக் கவனிப்பதே இங்கே வேலை. ரோட்டிஃபர்கள் சில நாளிலேயே தோன்ற வேண்டும். நீர்த்தெள்ளுகள் ஒன்றிரண்டு வாரங்களில். பல பருவங்களைக் கடந்து வளர வேண்டிய கோப்பிபோடுகள் அவற்றுக்கும் பிறகு. இவ்வரிசையில் ரோட்டிஃபரோடு நின்றுவிட்டால் கலங்கிய நீர் இன்னும் தெளியவில்லையா, மருந்து கலந்துள்ளதா, புதிய மீன் புகுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். தகடு மறையும் ஆழம் பல வாரங்களாக ஒரு சாண் அளவிலேயே நின்றால், மேலே எங்கோ கரை அரிக்கப்படுகிறது அல்லது மண் அள்ளப்படுகிறது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியிலிருந்து பரவனாறு வழியாக நீர் பெறும் வாலாஜா, பெருமாள் ஏரிகளில் வண்டல் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருப்பதால் அங்கே இயல்பு நிலை வேறு. பிற ஏரிகளோடு ஒப்பிடாமல் அதே ஏரியின் பழைய அளவுகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: ஆகாயத்தாமரை மூடிவிட்டது

களைக்கு அடியில் ஒளியும் ஆக்சிஜனும் இல்லாததால் திறந்த நீர் உயிரிகள் மறைந்து, வேர்களைப் பற்றி வாழும் சிறு நீர்த்தெள்ளுகளும் ஆஸ்ட்ரகோடுகளும் மட்டும் மிஞ்சும். களைக்கொல்லி தெளித்து அங்கேயே அழுகவிடுவது, மேலே சொன்ன மயில்துத்தத்தின் கதையையே திரும்ப நடத்துவதாகும். வாரி வெளியேற்றிக் கரைக்கு அப்பால் உலர்த்த வேண்டும். சாக்கடை வரத்தை நிறுத்தாமல் வாரினால் அடுத்த மழைக்குள் மீண்டும் மூடிவிடும். கரையோர நெய்வேலிக் காட்டாமணக்கையும் அதே வேளையில் வேரோடு எடுப்பது நல்லது. ஒடித்துப் போட்ட தண்டு ஈரத்தில் மீண்டும் வேர்பிடிக்கும்.

அறிகுறி: நீர் உவர்க்கிறது

மின்கடத்துதிறன் 2,000 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கோடையில் ஏரி சுருங்குவதால் உப்பு செறிவதும், கடலோர வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் வடிந்து கலப்பதும் காரணமாகலாம். மழைக்குப்பின் அளவு இறங்கினால் முதல் காரணம், இறங்காவிட்டால் இரண்டாவது. வலையில் நன்னீர் நீர்த்தெள்ளுகள் குறைந்து, உவர்நீருக்குரிய பிராக்கியோனஸ் பிளிகாட்டிலிஸ் தோன்றினால் ஐயமே இல்லை.

அறிகுறி: வலசைப் பறவைகள் வரவில்லை

பறவைக் கணக்கை வைத்து மட்டும் நீரின் நலத்தைச் சொல்ல இயலாது. 2008இல் புதுச்சேரி அரசு சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரியிலும் நீர்மட்டம் ஓரிரு அடி கூடினாலே கரையோரம் நடந்து இரைதேடும் பறவைகள் வேறிடம் போய்விடும். தட்டைவாயன் வாத்து ஒன்றே நேரடிச் சாட்சி. அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற பற்களால் நீரை வடித்து நீர்த்தெள்ளுகளைத் தின்பதால், மற்ற வாத்துகள் வந்து தட்டைவாயன் மட்டும் வராத ஆண்டில் வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போக வேண்டும்.

அறிகுறி: தூர்வாரிய ஏரி நிரம்பியும் உயிர் திரும்பவில்லை

நீர் வற்றும் காலம் நெருங்கும்போது நீர்த்தெள்ளுகள் வழக்கமான முட்டைகளை விட்டுவிட்டுத் தடித்த உறைக்குள் உறங்கும் முட்டைகளை இடுகின்றன. கோடையில் காற்று ஒதுக்கும் கரையோரத்தில் கறுத்த தூள்போல் மிதந்து சேர்பவற்றைக் கைக்கண்ணாடியால் பார்த்தால், குதிரைச் சேணம் போன்ற அவ்வுறைகள் தெளிவாகத் தெரியும். ரோட்டிஃபர்களும் சில கோப்பிபோடுகளும் இவ்வாறே முட்டை விட்டுச் செல்கின்றன. இவை வண்டலின் மேற்பகுதியில், பெரும்பாலும் முதல் சில சென்டிமீட்டருக்குள், கிடந்து மழை வந்ததும் பொரிக்கின்றன. வண்டல் மண்ணை ஏரி முழுவதும் ஒரே கோடையில் சுரண்டி வயலுக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பினால், ஏரியின் விதைநெல்லையே அனுப்பிவிட்டதாகிறது. ஏரி நிரம்பும், பாசி வரும், அதைத் தின்ன எதுவும் வராது.

தூர்வாரக் கூடாது என்பது இதன் பொருளல்ல. வீராணம் போன்ற ஏரியில் கொள்ளளவு குறைந்தால் பாசனமும் 2004 முதல் சென்னைக்குச் செல்லும் குடிநீரும் சேர்ந்து பாதிக்கப்படும். ஆனால் ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் வாரி, வரத்து வாய் அருகிலும் எதிர்க்கரையிலும் பழைய மேல்மண்ணை அப்படியே விட்டுவைக்கலாம்.

ஏற்கெனவே முழுவதும் வாரிவிட்ட ஏரிக்கு ஒரு சோதனை உண்டு. உலர்ந்த ஏரித்தரையில் பத்து இடங்களிலாவது மேல் 5 சென்டிமீட்டர் மண்ணை எடுத்து, தனித்தனி அகன்ற பாத்திரங்களில் இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, மழைநீரோ குளோரின் கலக்காத நீரோ ஊற்றி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் முதல் இரண்டு வாரம் வரை தினமும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாத்திரங்களில் நீர்த்தெள்ளு பொரித்தால் ஏரியை அதன் போக்கில் விடலாம். மீன்குஞ்சு விடுவதை மட்டும் நீர் நிரம்பி இரண்டு மாதங்கள் தள்ளிப்போட வேண்டும். எதிலும் பொரிக்காவிட்டால், அதே வாய்க்கால் தொடரில் மேலேயுள்ள நலமான ஏரியின் கரையோர மேல்மண்ணைச் சில கூடை கொண்டுவந்து, ஆகாயத்தாமரை விதையோ ஜிலேபிக் குஞ்சோ உடன் வராதபடி நன்கு காயவைத்துச் சல்லடையில் சலித்து, பருவமழைக்கு முன் ஏரியின் தாழ்ந்த பகுதியில் தூவ வேண்டும். தொலைவிலுள்ள வேறு ஆற்றுப் படுகையின் மண்ணை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.